சேலைக்குப் பொருந்தும் திருமண நெட்: வீட்டிலேயே தைக்க முழுமையான வழிகாட்டி

ஆலயத் திருமணத்தில் மணப்பெண் தலையில் போடும் இந்த மெல்லிய வலைத்துணிக்கு ஆளுக்கொரு பெயர். சிலர் முக்காடு என்பார்கள். சிலர் ஆங்கிலத்தில் ‘வெயில்’ (veil) என்பார்கள், ஆனால் சிங்கப்பூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் மத்தியான வெயில்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் சபைப் பெண்களிடம் ‘நெட்’ என்றால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் தங்கைக்கு ஒன்று தைத்தேன். அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்ட ஆறு பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஆறில் நான்கு பேர் செய்த தவறு ஒன்றுதான். என்னிடம் வருவதற்கு முன்பே துணியை வாங்கி, அளந்து, வெட்டியும் விட்டார்கள். வெட்டிய பிறகுதான் கொண்டை எவ்வளவு பெரிது, முந்தானை எதுவரை வரும், தாலி கட்டும்போது பின்னால் யார் நிற்பார்கள் என்ற கேள்வியெல்லாம் வந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் கத்தரிக்கோல் ஆறாவது படியில்தான் கைக்கு வரும்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் வெள்ளைக் கவுனுக்காக எழுதப்பட்டவை. இது சேலைக்காக: பின்கொண்டை, மல்லிகை, சீப்பில் சுருக்கித் தைத்த ஓரடுக்கு நெட். தையல் மிஷின் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கையாலேயே முழுவதையும் முடித்துவிடலாம். லேஸ் இல்லாத நெட் ஒரு மாலை வேலை. லேஸ் வைத்தால் இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள்.

1. முதலில் கொண்டையை முடிவு செய்யுங்கள்

நெட்டின் எல்லா அளவுகளும் சீப்பு உட்காரும் இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அந்த இடத்தைக் கொண்டைதான் தீர்மானிக்கிறது. ஆகவே அலங்காரம் செய்யப்போகிறவரிடம் ஒத்திகைக்கு நாள் கேட்டு, கொண்டையைப் போட்டுப் பார்த்த பிறகே அளவு நாடாவைத் தொடுங்கள்.

கழுத்தை ஒட்டிய தாழ்ந்த கொண்டை என்றால் சீப்பு அதற்கு மேலே, உச்சிக்குச் சற்றுப் பின்னால் உட்காரும். உயர்ந்த கொண்டைக்கு இரண்டு வழி. மேலே வைத்தால் நெட் கொண்டையின் மேல் கூடாரம் மாதிரி நிற்கும். கீழே வைத்தால் கொண்டையும் பூவும் முழுதாகத் தெரியும், நெட் முதுகை ஒட்டி விழும். சேலைக்கு இரண்டாவதுதான் அழகு என்பது என் கட்சி.

ஒத்திகையின்போதே ஒரு சாதாரணச் சீப்பை அந்த இடத்தில் செருகி, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருமண நாள் காலையில் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள், அப்போது அந்தப் படம்தான் உதவும்.

இங்கேயே பூவையும் பேசி முடித்துவிடுங்கள். சரம் சீப்பின் மேல் சுற்றப்பட்டால், நெட்டைக் கழற்றும்போது பூவும் கூடவே வந்துவிடும். ஆலயத்தில் நெட், மாலையில் கூறைச்சேலைக்கு மாறும்போது பூ மட்டும் என்று வைத்திருப்பவர்கள் பூவைக் கொண்டையில் தனியாகக் குத்தச் சொல்ல வேண்டும். நெட் கடைசியாக ஏறி முதலாவதாக இறங்கும்.

2. நீளம் பாருங்கள்

மணப்பெண் அன்றைக்குப் போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நிற்க வேண்டும். அளப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். தானே அளந்தால் தோள் ஏறும், தலை திரும்பும், அளவு தப்பும். சீப்பின் இடத்தில் நாடாவை வைத்து, கொண்டையின் வளைவின் மேலாகவே கீழே இறக்குங்கள். நேர்க்கோட்டில் அளந்தால் கொண்டை விழுங்கும் துணி கணக்கில் வராது. பெரிய கொண்டைக்கு இது 8, 10 செ.மீ. வரை வித்தியாசம் காட்டும்.

வழக்கில் இருக்கும் நீளங்கள் ஏறக்குறைய இவை. முழங்கை வரை 65 முதல் 75 செ.மீ. விரல் நுனி வரை 90 முதல் 105 செ.மீ. தரையைத் தொட்டுக் கொஞ்சம் பின்னால் இழுபடுவது 230 செ.மீ. நன்றாகவே இழுபடுவது 270 செ.மீ. இவற்றை வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரம்தான் கடைசி வார்த்தை.

சேலை கட்டுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முந்தானை இடது தோளிலிருந்து பின்னால் இறங்கி ஓரிடத்தில் முடிகிறது. நெட்டும் அதே இடத்தில் முடிந்தால் இரண்டு ஓரங்களும் சண்டை போடுவதுபோல் இருக்கும். முந்தானை முடியும் இடத்துக்குக் குறைந்தது 15 செ.மீ. மேலேயோ கீழேயோ நெட்டை முடியுங்கள். முந்தானையில் நல்ல சரிகை வேலை இருந்தால் மேலே முடிப்பது நல்லது. அவ்வளவு செலவழித்து எடுத்த முந்தானையை ஏன் மறைக்க வேண்டும்?

கீழே நான் கணக்குப் போடும் எடுத்துக்காட்டு 100 செ.மீ. நீளமுள்ள நெட்டுக்கு.

3. தாலி கட்டும் நேரத்தை ஒத்திகை பாருங்கள்

கவுனுக்கான குறிப்புகளில் இந்தப் படியே இருக்காது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவருவார், நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போடுவார். அந்த இடத்தில், கழுத்துக்கும் அவர் கைக்கும் நடுவே தொங்குவது நம் நெட்.

என் தங்கையின் நெட் 2.7 மீட்டர் அகலம். கடைக்காரர் கொடுத்த முழு அகலத்தையும் அப்படியே சுருக்கித் தைத்தேன், பொம்மென்று அழகாகத்தான் இருந்தது. பீடத்தின் முன் நாத்தனார் அதை அள்ள அள்ள அது சரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் மொத்தத்தையும் அணைத்துத் தூக்கித் தங்கையின் தலைமேல் போட்டார். தாலி கட்டும் படங்கள் எல்லாவற்றிலும் தங்கையின் முகத்துக்குப் பதில் ஒரு வெள்ளை மூட்டைதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் சேலைக்கு 1.4 மீட்டருக்கு மேல் அகலம் வைக்கச் சொல்வதில்லை. அந்த அகலத்தைத் தோழி இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, ஒரே அசைவில் வலது தோளுக்கு முன்னால் போட்டுவிடலாம். பின்கழுத்து திறந்துவிடும். முடிச்சு விழுந்ததும் திரும்பப் பின்னால் விட வேண்டும்.

பழைய துப்பட்டா ஒன்றை எடுத்துச் சீப்பில் குத்தி, நாத்தனாரையும் தோழியையும் வைத்து இரண்டு முறை செய்து பாருங்கள். யார் தூக்குவது, எந்தப் பக்கம் போடுவது என்று அப்போதே முடிவாகிவிடும். துப்பட்டா நெட்டைவிடக் கனம், அதனால் விழும் அழகை அதில் பார்க்காதீர்கள். நீளத்தையும் கை போகும் வழியையும் மட்டும் பாருங்கள்.

4. வாங்க வேண்டியவை

துணி: மிருதுவான நைலான் நெட். கடையில் ‘பிரைடல் டல்’ என்று கேளுங்கள். கையில் கசக்கிவிட்டால் மெதுவாக விரிய வேண்டும், கன்னத்தில் வைத்தால் குத்தக் கூடாது. பரிசுப்பொருள் சுற்றவும் மேடை அலங்காரத்துக்கும் விற்கும் விறைப்பான நெட்டும் தூரத்திலிருந்து இதே மாதிரிதான் தெரியும். அது தலையில் ஏறினால் கொசுவலை.

அரபு ஸ்திரீட்டிலும் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலும் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை சொல்லும்போது மீட்டருக்கா கெஜத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கெஜம் 91 செ.மீ.தான். ஒரு மீட்டர் நெட்டுக்கு ஒரு கெஜம் வாங்கி வந்து 9 செ.மீ. குறைந்து நின்ற பெண்ணை எனக்குத் தெரியும்.

பிரைடல் நெட் பெரும்பாலும் 108 அங்குல அகலம், அதாவது 2.74 மீட்டர். நமக்கு வேண்டியது அதில் பாதி. ஆகவே 1.2 மீட்டர் நீளம் வாங்கினால் 1.37 மீட்டர் அகலத்தில் இரண்டு துண்டுகள் கிடைக்கும் (முகத்திரையும் வேண்டுமென்றால் வாங்கும் முன் பத்தாவது படியைப் படித்துவிடுங்கள்). ஒன்று பழகிப் பார்க்க, ஒன்று உண்மையான நெட்டுக்கு. இதைவிட மலிவான மனநிம்மதி வேறில்லை.

நிறம்: ரவிக்கை தைத்த மிச்சத் துணியைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். கடையின் குழல்விளக்கில் க்ரீமும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும், வாசலுக்கு வந்து பாருங்கள். சுருட்டி வைத்திருக்கும் துணிக்கட்டில் நெட்டின் நிறம் அடர்ந்து தெரியும். ஓரடுக்காக விரித்தால் ஒரு படி வெளுக்கும். அதனால் ஒற்றை மடிப்பைச் சேலைத் துணியின் மேல் போட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லேஸ்: 2 முதல் 4 செ.மீ. அகலம், ஒரு பக்கம் அலை ஓரம். அதற்கு மேல் அகலமானால் மூலை வளைவில் மடங்கி மேடு தட்டும். வாங்கும் முன் இழுத்துப் பாருங்கள். எலாஸ்டிக் போல நீண்டால் வேண்டாம். அது உள்ளாடைக்கும் சட்டைக்கும் ஆனது, நெட்டில் தைத்தால் துணியையே சுருட்டி இழுத்துக்கொள்ளும்.

லேஸ் எவ்வளவு? பக்கங்கள் 1 மீட்டராக இரண்டு, அடி 1.37 மீட்டர், மொத்தம் 3.37. இரண்டு மூலைகளை வளைப்பதால் கிட்டத்தட்ட 40 செ.மீ. குறையும். சீப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் 15 செ.மீ. லேஸ் வைக்கப்போவதில்லை, காரணம் ஏழாவது படியில். ஆக 2.7 மீட்டர் தேவை. 3.5 வாங்குங்கள். பூவேலை நடுவில் பொருந்தி வர அந்த மிச்சம் வேண்டும்.

மற்றவை: 8 செ.மீ. உலோகச் சீப்பு (பிளாஸ்டிக் என்றால் பல் உடையும்). 6 மி.மீ. சாட்டின் ரிப்பன் 1 மீட்டர். நெட்டின் நிறத்திலேயே பாலியெஸ்டர் நூல். மெல்லிய கை ஊசி, மிஷினுக்கு 60 அல்லது 70 எண் புது ஊசி. கூர்மையான கத்தரிக்கோல். துணிக் கிளிப் ஒரு டஜன். மாஜோங் பேப்பர் (பெரிய வெள்ளைத் தாள்) இரண்டு. கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல் ஒன்று விற்பார்கள், வேண்டாம். முடிச்சு அவிழ்ந்துவிடும், வெட்டிய முனை நாள் முழுக்கக் கழுத்தைக் கீறும்.

5. தரையைத் தயார் செய்யுங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டின் கூடமே இதற்குத் தாராளம். காப்பி மேசையை நகர்த்தி, தரையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடர்நிறப் படுக்கைவிரிப்பு ஒன்றை விரியுங்கள். வெள்ளைத் தரையில் வெள்ளை நெட் கண்ணுக்கே தெரியாது.

அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. ஃபேன் சுற்றும்போது விரித்த நெட் விரித்த இடத்தில் இருக்காது, நீங்கள் வெட்டுவதும் நேராக இருக்காது. தாங்காவிட்டால் ஏர்கானைப் போட்டு, காற்றைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள். உடைந்த நகத்தை அராவுங்கள். நெட்டில் ஒரு கண்ணி கிழிந்தால் அதை மறைக்க முடியாது, ஊசி போட்டு இழுத்தால் இன்னும் மோசமாகத் தெரியும். மருதாணி வைத்து இரண்டு நாள் ஆகாத கையோடு யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

6. வெட்டுங்கள்

முதலில் துணியின் திசையைக் கண்டுபிடியுங்கள். இரண்டு திசையிலும் மெதுவாக இழுத்தால் ஒன்றில் அதிகம் நீளும். அது அகலத் திசை. நீளாத திசைதான் நெட்டின் நீளமாக வர வேண்டும். மாற்றி வெட்டினால் லேஸின் கனத்தில் நெட் கீழ்நோக்கி நீண்டு, நடுவில் ஒரு வயிறு விழும்.

வாங்கிய துணியை அகலத்தின் நடுவில் வெட்டி, 1.37 மீட்டர் அகலத்தில் இரண்டு துண்டுகளாக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து விரியுங்கள். இழுத்துச் சரி செய்யாதீர்கள். மேலே தூக்கி, காற்றில் தானாக இறங்க விடுங்கள். ஓரங்களில் கனமான எதையாவது வையுங்கள். எங்கள் வீட்டில் பால் டின்கள்தான்.

மூலை வளைவுக்கு நெட்டின் மேல் கோடு போட முயலாதீர்கள். சாக்குக் கட்டி வலைக்கண்ணில் பிடிக்காது, பேனா மை போகாது. மாஜோங் பேப்பரில் அரை நெட்டின் வடிவத்தைத் தடித்த கோட்டில் வரைந்து கீழே வையுங்கள். கோடு நெட்டின் வழியாகத் தெளிவாகத் தெரியும், அதைப் பார்த்தே வெட்டலாம். மை நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் வையுங்கள்.

அரை நெட் என்பது 68.5 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளம். மடிப்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கீழ் மூலையிலிருந்து இரண்டு ஓரத்திலும் 45 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். அங்கிருந்து உள்ளே 45 செ.மீ. தள்ளிய இடத்தை மையமாக வைத்து, பென்சிலில் நூல் கட்டிக் கால்வட்டம் இழுங்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்து வளைவு வரைந்தால் வளைவு சிறிதாகி, மூலை நாக்கு மாதிரி தொங்கும்.

கத்தரிக்கோலை முழுதாக மூடாமல், பாதி மூடியதும் முன்னால் தள்ளி வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் நுனிவரை மூடித் திறந்தால் அந்த இடத்தில் ஒரு பல் விழும். முதலில் பழகும் துண்டு, பிறகு உண்மையான துண்டு. நெட் பிரியாத துணி என்பதால் ஓரத்தை மடித்துத் தைக்கத் தேவையில்லை. லேஸே வேண்டாம் என்பவர்கள் இங்கிருந்து நேராக எட்டாவது படிக்குப் போகலாம். வெறும் ஓரமும் அழகுதான், காற்றில் மிக மெதுவாக ஆடும்.

7. லேஸ் தைத்தல்

சுருக்குவதற்கு முன்பே லேஸைத் தைத்துவிட வேண்டும். துணி தட்டையாக இருக்கும்போது தைப்பது எளிது. சுருக்கிய பிறகு ஓரம் எங்கே போகிறதென்றே தெரியாது.

அடி ஓரத்தின் நடுவில் தொடங்குங்கள். லேஸின் ஒரு பூ சரியாக நடுவில் வரட்டும், அங்கிருந்து இரண்டு பக்கமும் போகலாம். ஒரு மேல் மூலையில் ஆரம்பித்துச் சுற்றி வந்தால், மறுமுனை எங்கே முடியும் என்பது அதிர்ஷ்டம். லேஸை நெட்டின் நல்ல பக்கத்தில், அலை ஓரம் வெளியே பார்க்க வைத்து, கிளிப் போட்டு, கண்ணுக்குத் தெரியும் நிற நூலால் பெரிய இழையோட்டம் போட்டு நிறுத்துங்கள். குண்டூசி நெட்டில் நிற்காது, கண்ணி வழியே நழுவி விழும். இன்னொரு காரணமும் உண்டு: இந்த ஊர் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் குத்தி வைத்த மலிவு ஊசி துருப்பிடிக்கும். பழுப்புப் புள்ளி போகவே போகாது.

லேஸை இழுத்துப் பிடிக்காதீர்கள். இதுதான் இந்தப் படியில் எல்லாரும் சறுக்கும் இடம். இழுத்துத் தைத்தால் நெட் சின்னச் சின்ன அலையாகச் சுருங்கி நிற்கும், எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. லேஸ் நெட்டின் மேல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வளைவில் லேஸின் வெளி ஓரத்துக்குத் தூரம் அதிகம், உள் ஓரத்துக்குக் குறைவு. அதனால் உள் ஓரத்தில் மிச்சம் சேரும். அந்த ஓரத்தின் நூலை ஊசியால் மெதுவாக இழுத்தால் லேஸ் தானே வளையும். பூவேலை லேஸாக இருந்தால் இரண்டு பூவுக்கு நடுவே உள்பக்கமாக ஒரு வெட்டு கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடலாம்.

கையால் தைப்பவர்கள் உள் ஓரத்தை முதலில், வெளி ஓரத்தைப் பிறகு, 5 மி.மீ. இடைவெளியில் சின்னத் தையலாகப் போடுங்கள். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை மீட்டர்தான் ஓடியது. மிஷின் என்றால் 2 மி.மீ. ஸிக்ஸாக், கீழே டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். பேப்பர் இல்லாவிட்டால் மிஷின் நெட்டைத் துவாரத்துக்குள் இழுத்து மென்றுவிடும். தொடங்கும்போது நூலின் இரண்டு நுனிகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சீப்புக்கு வரும் மேல் ஓரத்திலிருந்து 15 செ.மீ. கீழேயே லேஸை நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சுருக்கத்துக்குள் லேஸும் மாட்டி, சீப்பின் மேல் கட்டி மாதிரி ஆகும். முனையை ஒரு பூவின் விளிம்போடு வெட்டி முடித்தால் நிறுத்திய இடமே தெரியாது. இறுதியாக, அலைகளுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் நெட்டைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

8. சுருக்குதல்

மேல் ஓரத்தின் நடுவையும், நடுவுக்கும் முனைக்கும் நடுவையும் நிற நூலால் அடையாளம் செய்யுங்கள். இரட்டை நூலில், ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு வரிசை, 12 மி.மீ. தள்ளி இன்னொரு வரிசை ஓட்டுத்தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் 5 மி.மீ. இருக்கட்டும்.

இரண்டு வரிசை எதற்கு? ஒரே வரிசை என்றால் துணி அதைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். இரண்டு இருந்தால் சுருக்கம் ஒழுங்காக நிற்கும், ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தாங்கும். ஒற்றை நூலில் போட்டவர்கள் கடைசி இழுப்பில் அறுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி இழுங்கள். 137 செ.மீ. துணி 8 செ.மீ. சீப்புக்குள் வர வேண்டும். அடையாளங்கள் சீப்பின் நடுவிலும் கால் பங்குகளிலும் வந்து நின்றால் சுருக்கம் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். முடிச்சை மூன்று தரம் போடுங்கள்.

9. சீப்பில் தைத்தல்

வெறும் உலோகத்தில் நூல் வழுக்கும். அதனால் முதலில் சாட்டின் ரிப்பனைச் சீப்பின் முதுகில், ஒவ்வொரு பல் இடைவெளியிலும் ஒரு சுற்று வரும்படி சுற்றி, இரண்டு முனையிலும் தைத்து நிறுத்துங்கள். இனி ஊசி ரிப்பனைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்ததுதான் தலைகீழாகும் இடம். மெதுவாகப் படியுங்கள். சீப்பை மேசையில், குவிந்த பக்கம் மேலே, பற்கள் உங்களைப் பார்க்க வையுங்கள். நெட்டைச் சீப்புக்கு அந்தப் பக்கம், அதாவது பற்களுக்கு எதிர்த்திசையில், நல்ல பக்கம் மேசையைப் பார்த்துக் கவிழ்த்து விரியுங்கள். சுருக்கிய ஓரம் மட்டும் சீப்பின் முதுகின் மேல் ஏறி உட்காரட்டும். இப்படியே தைத்துவிட்டு நெட்டை உங்கள் பக்கமாகப் புரட்டினால் அது சீப்பையும் சுருக்கத்தையும் மூடிக்கொண்டு விழும், லேஸும் வெளிப்பக்கம் வந்துவிடும்.

நேராக, பற்களின் திசையிலேயே வைத்துத் தைத்தால் வெட்டு ஓரமும் நூலும் தலைமேல் அப்படியே தெரியும். அதை மறைக்க மேலே பூவோ மணியோ வைக்க வேண்டியிருக்கும். முதல் தடவை தைப்பவர்களில் பாதிப் பேர் இதை மாற்றித்தான் செய்கிறார்கள். ஆகவே தைக்கும் முன் நான்கு கிளிப் போட்டு, கண்ணாடி முன் தலையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிரிப்பதைவிட இது சுலபம்.

இரட்டை நூலில், ஒவ்வொரு பல் இடைவெளியிலும் இரண்டு சுற்று போட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். சீப்பின் இரண்டு ஓரங்களிலும் நூலால் ஒரு சின்ன வளையம் கட்டி விடுங்கள். திருமண நாளில் ஹேர்பின் நுழைக்க அது வேண்டும்.

10. முகத்திரையும் வேண்டுமென்றால்

முகத்தை மூடும் முன்னடுக்குக்கு 70, 75 செ.மீ. போதும். பின்நீளத்தோடு அதையும் கூட்டி ஒரே துண்டாக வெட்டுங்கள்: 100 + 75, ஆக 175 செ.மீ. நான்கு மூலைகளையும் வளைத்து, முன் ஓரத்திலிருந்து 75 செ.மீ.இல் மடித்து, மடிப்புக்கு ஒரு செ.மீ. கீழே இரண்டு அடுக்கையும் சேர்த்துச் சுருக்குங்கள். முன்னடுக்கில் லேஸ் வைத்தால் அதன் நல்ல பக்கம் எது என்று குழம்பும். முகத்தை மூடும்போது ஒரு பக்கமும், தூக்கிப் பின்னால் போட்டதும் மறுபக்கமும் வெளியே தெரியும். அதனால் வெறும் ஓரமாகவே விட்டுவிடுங்கள். மூக்குத்தி, நெற்றிச்சுட்டி போடுகிறவர்களுக்கு முகத்திரையே வேண்டாம் என்பேன். தூக்கும்போது மாட்டிக்கொள்ளும்.

11. கசங்கல் எடுப்பதும் கொண்டுபோவதும்

நைலான் சூட்டில் உருகும். இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, வெட்டிய மிச்சத்தில் சோதித்துவிட்டு, மேலே வெள்ளைப் பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். அதைவிட நல்லது, குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் குழாயை மூடி, நெட்டை உயரத்தில் தொங்கவிட்டு அரை மணி நேரம் கதவைச் சாத்துவது.

ஆலயத்துக்குக் கொண்டுபோக நெட்டைச் சுத்தமான பருத்தி விரிப்போடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, பெரிய தலையணை உறைக்குள் போடுங்கள். பூச்சியுருண்டை போட்ட அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். அந்த வாசனை பாதிரியார்வரை போகும்.

12. திருமண நாள் காலையில்

முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் இல்லாமல் விடுங்கள். அத்தையோ பாட்டியோ தேங்காயெண்ணெயோடு வருவார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள். எண்ணெய்த் தலையில் சீப்பு நிற்காது.

சீப்பு வரும் இடத்தில் முடியை உள்பக்கம் கொஞ்சம் சிக்கெடுப்பதற்கு எதிராக வாரிவிட்டுப் பிடிமானம் உண்டாக்குங்கள். சீப்பை உட்பக்கம் மேலே தெரிய, பற்கள் நெற்றியைப் பார்க்கப் பிடித்து, கொஞ்சம் முடியைக் கோர்த்து, அப்படியே பின்னால் புரட்டிக் கொண்டையை நோக்கி அழுத்துங்கள். நேராகச் செருகிய சீப்பு நெட்டை யாராவது மிதித்தால் கழன்று வரும், புரட்டிச் செருகியது அவ்வளவு சுலபத்தில் வராது. இரண்டு ஓர வளையங்களிலும் ஹேர்பின்களைக் குறுக்காகப் போட்டால் முடிந்தது.

தோழியிடம் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். காரில் உட்காரும்போது நெட்டை முன்னால் மடியில் எடுத்துப் போட வேண்டும், பின்னால் நசுங்க விடக் கூடாது. ஆலயத்தில் சுவர் ஃபேனும் நிற்கும் ஃபேனும் நெட்டை எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து, பீடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றும்போது பின்னால் நின்று நெட்டைக் கையில் பிடித்திருக்க வேண்டும், நைலான் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும்.

படங்கள் முடிந்ததும், சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன் நெட்டைக் கழற்றிவிடுங்கள். முதலில் ஹேர்பின்கள், பிறகு சீப்பை வந்த வழியே புரட்டி எடுங்கள். நைலான் மஞ்சள்தூளைச் சாயம் மாதிரியே குடித்துக்கொள்ளும், ஒரு சொட்டு குழம்பு போதும். வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்புக் கரைத்து அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, குளியலறைக் கம்பியில் நிழலில் காயப்போடுங்கள். சன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் வேண்டாம். ஒரு சிலும்பு போதும், அத்தனை நாள் வேலையும் கிழிந்துவிடும்.